டங்கிளியோஸ்டியஸ்: கவசம் பூண்ட கடல் வேட்டைக்காரனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் இருக்கும் இடத்தில் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல் ஒன்று இருந்தது. அந்தக் கடலில் யாருக்கும் பயப்படாமல் திரிந்த மீன்தான் டங்கிளியோஸ்டியஸ். தலையிலும் தோளிலும் எலும்புக் கவசம், பல்லுக்குப் பதிலாக வாயில் வெட்டுத் தகடுகள். இதன் படத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கேட்க ஏதாவது கேள்வி இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இது சுறா வகையா?

இல்லை. இது பிளாக்கோடெர்ம் என்ற கவசமீன் கூட்டத்தைச் சேர்ந்தது. தாடை உள்ள முதுகெலும்பிகளில் மிகப் பழைய கூட்டங்களில் ஒன்று அது. சிலூரியன் காலத்தில் தோன்றி, அதற்கு அடுத்த டெவோனியன் காலத்தில் (சுமார் 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்) கடல், ஆறு, ஏரி எல்லாவற்றிலும் பரவி, டெவோனியன் முடியும்போது அடியோடு அழிந்துபோனது. இன்று உயிரோடு இருக்கும் எந்த மீனையும் காட்டி, இது கவசமீன் என்று சொல்ல முடியாது.

கவசமீன்களிலும் பல பிரிவுகள் உண்டு. டங்கிளியோஸ்டியஸ் சேர்ந்திருப்பது ஆர்த்ரோடைர் என்ற பிரிவில். தலைக்கு ஒரு கவசம், தோளுக்கும் மார்புக்கும் சேர்த்து இன்னொரு கவசம், இரண்டையும் கழுத்தின் இருபக்கமும் இணைக்கும் மூட்டு ஆகிய மூன்றும்தான் இந்தப் பிரிவின் அடையாளம். அந்த மூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடியைப் பற்றிப் பேசும்போது அது முக்கியமாக வரும்.

டைனோசர் காலத்தில் வாழ்ந்ததா? மெகலடானோடு சண்டை போட்டிருக்குமா?

இரண்டுக்கும் வாய்ப்பே இல்லை. முதல் டைனோசர்கள் வந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு 12 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே டங்கிளியோஸ்டியஸின் கதை முடிந்துவிட்டது. மெகலடான் சுறாவோ சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. யூடியூபில் இரண்டையும் மோதவிடும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. ரசிக்கலாம், ஆனால் நடுவில் 33 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

10 மீட்டர் நீளம் என்று பல இடங்களில் போட்டிருக்கிறதே, உண்மையா?

அது பழைய கணக்கு, இனி நம்ப வேண்டியதில்லை. ஆனால் எப்படி அவ்வளவு பெரிய எண் வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

டங்கிளியோஸ்டியஸின் முன்பாதிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. தலை, தோள் கவசம், தாடை, கண்ணைச் சுற்றியிருந்த எலும்பு வளையம், அபூர்வமாக மார்புத் துடுப்பின் சில பகுதிகள், அவ்வளவுதான். கவசத்துக்குப் பின்னால் இருந்த உடம்பு பெரும்பாலும் குருத்தெலும்பும் சதையும். அவை பாறையில் நிற்கவில்லை. ஆக, மீனின் முழு நீளத்தையும் முன்பாதியை வைத்து ஊகித்தாக வேண்டும்.

ஊகிக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைப் பிடித்தார்கள். வாயின் அளவை எடுத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய வாய் உள்ள சுறா எத்தனை மீட்டர் இருக்கும் என்று கணக்குப் போட்டது ஒரு வழி. 2017இல் வெளியான ஓர் ஆய்வு அப்படித்தான் கிட்டத்தட்ட 6.9 மீட்டர் என்ற முடிவுக்கு வந்தது. 9, 10 மீட்டர் என்பவை அதற்கு முன்பிருந்தே புத்தகத்துக்குப் புத்தகம் கைமாறி வந்த எண்கள்.

2023இல் ரசல் எங்கல்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் இதைக் கிளறினார். ஒஹாயோவின் கிளீவ்லாந்து நகரில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். உடல் அளவோடு ஒப்பிட்டால் ஆர்த்ரோடைர்களின் வாய் சுறாக்களின் வாயைவிடப் பெரியது என்று அவர் காட்டினார். அப்படியானால் சுறாவின் வாயை அளவுகோலாக வைத்த கணக்கு எல்லாமே மிகையாகத்தான் வரும். அவர் வாயை விட்டுவிட்டு, கண்குழி தொடங்கும் இடத்திலிருந்து பின்னால் தலை எவ்வளவு நீளம் என்பதை அளந்தார். பல வகை மீன்களில் இந்த நீளமும் உடல் நீளமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. முழு உடலோடு கிடைத்த சிறிய கவசமீன்களிலும் கணக்கு சரியாக வருகிறது.

அந்த முறையில் டங்கிளியோஸ்டியஸ் டெரெல்லி என்ற இனத்தின் வளர்ந்த மீன் சுமார் 3.4 மீட்டர். இருப்பதிலேயே பெரிய புதைபடிவ மாதிரி சுமார் 4.1 மீட்டர்.

அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வில் உடல் வடிவத்தையும் திருத்தினார். நீண்டு ஒல்லியான உடம்பு போய், சூரை மீனைப் போலப் பருத்து உருண்ட உடம்பு வந்தது. அந்தப் பருமனால் 3.4 மீட்டர் மீனே ஏறக்குறைய ஒரு டன் இருந்திருக்கும்.

அப்படியென்றால் இது பெரிய மீனே இல்லையா?

நீளம் குறைந்த செய்தி வந்தபோது பலர் மனம் உடைந்து எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. டெவோனியன் கடலில் இந்த எடைக்கு ஈடு கொடுத்த வேட்டை மீன்கள் மிகக் குறைவு. அதே கடலில் அதோடு நீந்திய கிளாடோசெலாக்கி என்ற சுறா வகை இரண்டு மீட்டரைத் தொடுவதே அரிது.

அதைவிட முக்கியமாக, பழைய படங்களில் இருந்த மீன் ஒரு பெரிய தலையோடு ஒட்டவைத்த நீண்ட பாம்பு போல இருந்தது. அது எப்படி நீந்தியிருக்கும் என்றே புரியாது. புதிய வடிவம் வேகமாக நீந்தக்கூடிய மீனின் வடிவம். என்னைக் கேட்டால், குட்டையாகவும் கட்டுமஸ்தாகவும் இருக்கும் இந்த மீன்தான் அதிக பயங்கரம்.

பல் இல்லாமல் எப்படி வேட்டையாடியது?

இந்த மீனைப் பற்றிய அத்தனை விஷயத்திலும் என்னை அதிகம் அசத்துவது இதுதான். நீளத்தைப் பற்றிய சர்ச்சை எப்படி முடிந்தாலும் தாடையின் அதிசயம் குறையப்போவதில்லை. ஏனென்றால் தாடை நம் கையில் இருக்கிறது, ஊகிக்க வேண்டியதில்லை.

மேல்தாடையில் பக்கத்துக்கு இரண்டு எலும்புத் தகடுகள். கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு நீண்ட எலும்பு. முன்பக்கத்தில் இந்த எலும்புகள் கோரைப்பல் போலக் கூர்மையாக எழும்பி நிற்கும். அதற்குப் பின்னால் விளிம்பு நீளவாக்கில் கத்தி போல ஓடும். வாயை மூடும்போது கீழ்த் தகடு மேல் தகட்டின் உட்புறமாக உரசிக்கொண்டே ஏறும். பாக்குவெட்டியின் இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தை நினைத்துக்கொண்டால் சரியாகப் பிடிபடும். ஒவ்வொரு கடியிலும் ஒன்று மற்றொன்றைத் தீட்டிவிடும். நல்ல நிலையில் உள்ள மாதிரி ஒன்றின் தாடையைக் கிட்டே போய்ப் பார்த்தால், தகடுகள் உரசிய இடத்தில் எலும்பு தட்டையாகத் தேய்ந்து வழவழவென்று இருப்பது கண்ணுக்கே தெரியும். மற்ற இடங்களில் எலும்பு சொரசொரப்பாக இருக்க, அந்த விளிம்பு மட்டும் பட்டை தீட்டியது போல இருக்கும். ஒரு மீன் ஆயுள் முழுக்கக் கடித்ததன் தடம் அது.

பல் விழுந்து முளைக்கும் ஏற்பாடு இதற்கு இல்லை. எலும்பு தேயத் தேய அடியிலிருந்து வளர்ந்தாக வேண்டும். ஆர்த்ரோடைர்கள் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிரிவில் பெரும்பாலானவற்றுக்கு நிஜமான பற்கள் இருந்தன. டங்கிளியோஸ்டியஸும் அதன் நெருங்கிய உறவினங்களும்தான் பற்களைக் கைவிட்டு முழுத் தகட்டுக்கு மாறியவை. இதை 2025இல் வெளியான ஒரு விரிவான உடற்கூற்று ஆய்வு வலியுறுத்தியது. அதே ஆய்வு, மண்டையின் ஏறக்குறைய பாதி குருத்தெலும்பால் ஆனது என்றும், தசைகள் ஒட்டியிருந்த முக்கியமான இடங்கள் அந்தக் குருத்தெலும்பில்தான் இருந்தன என்றும் சொல்கிறது. அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் தலையில் அந்தப் பாதி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கடியின் வலு எவ்வளவு?

2007இல் பிலிப் ஆண்டர்சனும் மார்க் வெஸ்ட்னீட்டும் தாடையின் இயக்கத்தைக் கணினி மாதிரியாகக் கட்டிப் பார்த்தார்கள். சுமார் 6 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்ட மீனுக்கு, முன்பக்கக் கூர்முனையில் 4,414 நியூட்டன், பின்பக்க வெட்டு விளிம்பில் 5,363 நியூட்டன் என்று வந்தது. நம் கணக்கில் சொன்னால் முன்னே ஏறக்குறைய 450 கிலோ எடையின் அழுத்தம், பின்னே 550 கிலோவுக்கு நெருக்கம். அவ்வளவும் ஒரு கூர்முனையில் குவிந்தால் எலும்புக் கவசமே உடையும்.

மீனின் நீளம், தசைகள் இருந்த இடம் ஆகிய இரண்டைப் பற்றியும் இப்போது புதிய கருத்துகள் வந்துவிட்டதால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறாதது தாடையின் பொறிமுறை. அது வலுவைவிட ஆச்சரியமானது.

என்ன பொறிமுறை?

நாம் வாயைத் திறந்தால் கீழ்த்தாடை மட்டும் இறங்கும். இந்த மீனில் கீழ்த்தாடை இறங்கும் அதே நேரத்தில் தலை மேலே தூக்கும். கழுத்து மூட்டு இருப்பது அதற்குத்தான். தலைக்குப் பின்னால் உள்ள தசை இழுக்க, தலைக் கவசம் தோள் கவசத்தின்மேல் அண்ணாந்து சுழலும். தலை, தோள், தாடை, அவற்றை இணைக்கும் கீழ்ப்பகுதி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கோத்த நான்கு சட்டங்களாக ஒரே இழுப்பில் அசையும்.

அதே ஆய்வாளர்களின் கணக்குப்படி வாய் திறக்க 20 மில்லி வினாடி போதும். அதாவது ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. திறந்து மூடும் முழுக் கடியும் 60 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். அவ்வளவு வேகத்தில் பெரிய வாய் திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும், இரையும் அதோடு சேர்ந்து வரும். இன்றைய மீன்களில் உறிஞ்சி விழுங்குபவை உண்டு, வெட்டிக் கடிப்பவை உண்டு. உறிஞ்சும் வேகமும் எலும்பை உடைக்கும் வலுவும் ஒரே வாயில் சேர்வது அபூர்வம். வேகத்துக்கு வடிவமைத்த நெம்புகோலில் வலு குறையும், வலுவுக்கு வடிவமைத்தால் வேகம் குறையும் என்பது பொது விதி. அந்த விதியை ஓரளவு ஏமாற்றிய தாடை இது.

எதையெல்லாம் தின்றது?

கையில் கிடைத்ததை என்றே சொல்லலாம். அந்தக் கடலில் மற்ற கவசமீன்கள், சுறா வகைகள், சிறிய எலும்பு மீன்கள், கணவாயின் உறவுகளான ஓடு உள்ள தலைக்காலிகள் எல்லாம் இருந்தன. டங்கிளியோஸ்டியஸின் கவசத்திலேயே இன்னொரு டங்கிளியோஸ்டியஸ் கடித்த தடங்கள் உண்டு. இனத்துக்குள்ளேயே சண்டையோ வேட்டையோ நடந்திருக்கிறது.

அவ்வளவு கனமான கவசம் எதற்கு?

சிறிய கவசமீன்களுக்கு அது பாதுகாப்பு. டங்கிளியோஸ்டியஸ் போன்ற பெரிய மீனுக்கோ, நான் மேலே சொன்ன தாடை இயங்க ஓர் உறுதியான சட்டகம் தேவை. தசையின் இழுப்பைத் தாங்க எலும்பு வேண்டும். தன் இனத்தின் கடியிலிருந்து தப்பவும் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே கவசம் செய்தது. கவசம் தோளோடு முடிந்துவிடுவதால் பின்னுடல் வளைந்து நீந்தத் தடையில்லை.

முதலில் யார் கண்டுபிடித்தார்கள்?

1867இல் ஒஹாயோவின் ஈரி ஏரிக்கரையில், ஷெஃபீல்ட் லேக் என்ற ஊரில். ஜே டெரல் என்பவர் அங்கே விடுதி நடத்திவந்தார். ஏரிக்கரைச் செங்குத்துப் பாறையில் துருத்திக்கொண்டிருந்த எலும்புகளை மகனோடு சேர்ந்து தோண்டி எடுத்தார். அவர் விஞ்ஞானி இல்லை, ஆனால் பாறையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர். அவர் எடுத்த எலும்புகளை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் ஸ்ட்ராங் நியூபெரி, 1873இல் டெரலின் பெயரையே இனத்துக்கு வைத்தார்.

அப்போது பேரினப் பெயர், அதாவது பெயரின் முதல் பாதி, டினிக்திஸ். பின்னால் 1956இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-பியர் லேமான் இதை டினிக்திஸிலிருந்து பிரித்து, கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டேவிட் டங்கிள் பெயரால் டங்கிளியோஸ்டியஸ் என்று அழைத்தார். டெரெல்லி என்ற பின்பெயர் மட்டும் மாறவில்லை. விடுதிக்காரரின் பெயர் இன்றும் அந்த மீனோடு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஏன் எல்லாம் ஒஹாயோவிலேயே கிடைக்கிறது?

மொராக்கோ, போலந்து, பெல்ஜியம், கனடா என்று வேறு இடங்களிலும் இந்தப் பேரினத்தின் எச்சங்கள் உண்டு. ஆனால் எண்ணிக்கையிலும் தரத்திலும் கிளீவ்லாந்து ஷேல் என்ற பாறை அடுக்குக்குப் பக்கத்தில் எதுவும் வராது. கடலின் அடியில் நுண்ணிய சேறு படிந்து, நாளடைவில் இறுகி, ஏடு ஏடாகப் பிரியும் கரும்பாறையானது அது. அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. செத்து விழுந்த உடலைத் தின்னும் உயிர்கள் அங்கே அதிகம் பிழைக்க முடியாது. அதனால் எலும்பு நன்றாக நின்றது.

எவ்வளவு நன்றாக என்றால், கிளாடோசெலாக்கி சுறாவில் தசை நார்களின் தடமும் வயிற்றில் கடைசி இரையும்கூடப் பதிந்திருக்கின்றன. வயிற்றில் இருக்கும் மீன்களில் பெரும்பாலானவை வால் பக்கமாக விழுங்கப்பட்டவை. பின்னாலிருந்து துரத்திப் பிடித்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது. டங்கிளியோஸ்டியஸுக்கு இப்படி ஒரு முழு உடல் கிடைத்திருந்தால் நீளச் சண்டைக்கே இடமிருக்காது!

1960களின் நடுவில் கிளீவ்லாந்து வழியாக 71ஆம் எண் நெடுஞ்சாலை போட்டபோது இந்த அடுக்கை வெட்ட வேண்டி வந்தது. இயந்திரங்கள் ஒருபக்கம் வேலை செய்ய, அருங்காட்சியகத்தினர் மறுபக்கம் நின்று நூற்றுக்கணக்கான மீன் எச்சங்களைச் சேகரித்தார்கள். சாலைப் பணியும் தொல்லுயிரியலும் கைகோத்த இந்த மாதிரி நிகழ்வுகள் இன்னும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

கவசமீன்கள் எல்லாமே இப்படி வேட்டையாடுபவையா?

இல்லை. அதே ஒஹாயோ பாறையில் டைட்டானிக்திஸ் என்ற பெரிய கவசமீன் உண்டு. அதன் கீழ்த்தாடை நீண்டு ஒல்லியாக, வெட்டு விளிம்பே இல்லாமல் இருக்கும். 2020இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொராக்கோவில் கிடைத்த ஒரு தாடையைக் கணினியில் சோதித்தார்கள். கடித்தால் தாங்காது, இன்றைய பாஸ்கிங் சுறாவைப் போல வாயைத் திறந்தபடி நீந்தி, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்றிருக்கும் என்பது அவர்கள் முடிவு. ஆறுகளில் அடித்தரையோடு ஊர்ந்த போத்ரியோலெபிஸ் போன்ற சின்னக் கவசமீன்களும் ஏராளம்.

முட்டையிட்டதா, குட்டி போட்டதா?

டங்கிளியோஸ்டியஸுக்கு நேரடிச் சான்று கிடையாது. ஆனால் உறவினங்கள் சில குட்டி போட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோகோ பகுதியில் கிடைத்த மெட்டர்பிஸ்கிஸ் என்ற சிறிய கவசமீனை 2008இல் ஜான் லாங் குழுவினர் விவரித்தார்கள். சுமார் 38 கோடி ஆண்டு பழையது. அதன் உடலுக்குள் ஒரு கருவும், அதோடு இணைந்த தொப்புள்கொடியும் கல்லாகி இருந்தன. அமிலத்தில் பாறையை மெல்லக் கரைத்துத்தான் அதை வெளியே கொண்டுவந்தார்கள். கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் நூலளவு தடித்த அந்தக் கொடி போயே போயிருக்கும்.

நமக்கும் இதற்கும் சொந்தம் உண்டா?

டங்கிளியோஸ்டியஸ் நமது மூதாதை இல்லை, அது தன் கிளையிலேயே முடிந்துபோனது. ஆனால் கவசமீன்கள் என்ற பெரிய கூட்டத்தோடு நமக்குச் சொந்தம் உண்டு. சீனாவின் யுன்னானில் கிடைத்து 2013இல் அறிவிக்கப்பட்ட என்டெலோக்னாதஸ் என்ற மீன் சுமார் 41.9 கோடி ஆண்டு பழையது. உடம்பு கவசமீனின் உடம்பு, தாடையிலோ எலும்பு மீன்களுக்கும் நமக்கும் உள்ள அதே வகைத் தாடை எலும்புகள். நம் முகத்தின் எலும்புகள் கவசத் தகடுகளிலிருந்து வந்தவை என்ற கருத்துக்கு இது பெரிய பலம் சேர்த்தது.

இவ்வளவு வலுவான மீன் ஏன் அழிந்தது?

டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில் கடலுக்கு அடுத்தடுத்து அடி விழுந்தது. சுமார் 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கெல்வாசர் நிகழ்வு, சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹாங்கன்பர்க் நிகழ்வு. முதலாவதில் கவசமீன் வகைகள் பல அழிந்தன. இரண்டாவதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கடலில் ஆக்சிஜன் குறைந்ததற்கான தடயம் பாறைகளில் தெளிவாக இருக்கிறது. காரணமாகச் சொல்லப்படுபவை பல. அந்தக் காலத்தில்தான் நிலத்தில் காடுகள் பரவின. வேர்கள் பாறையை உடைக்க, சத்துகள் ஆற்றில் கலந்து கடலுக்குப் போய்ப் பாசி பெருகி, அது அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றது என்பது ஒரு விளக்கம். எரிமலைகளையும், ஹாங்கன்பர்க் சமயத்தில் வந்த குளிரையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. ஒரே காரணத்தைத் தேடுவதைவிட இவை சேர்ந்து வேலை செய்தன என்று பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதில் தாடையின் வலு உதவாது. இரை குறைந்தால் உச்சியில் இருக்கும் வேட்டைக்காரனுக்குத்தான் முதலில் பசி.

சுறாக்களும் எலும்பு மீன்களும் இழப்போடு தப்பின. அடுத்த காலத்தில் கடல் அவற்றின் கைக்குப் போனது.

நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?

முதல் இடம் கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பெரிய மாதிரிகளும் சிறந்த மாதிரிகளும் அங்கேதான். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் ஒரு தலை இருக்கிறது. அந்த ஊரில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு மதியத்தை ஒதுக்கலாம். கிளீவ்லாந்து போனால் ராக்கி ரிவர் பூங்காவில் அதே கரும்பாறைச் சுவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே பார்க்கத்தான் செய்யலாம், கல்லைப் பெயர்த்து எடுத்து வரக் கூடாது.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். தலையை நேராகப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு நகராமல், பக்கவாட்டில் போய்க் கழுத்து மூட்டைத் தேடுங்கள். அப்புறம் கீழ்த்தாடையின் முனை மேல் தகட்டில் எங்கே உரசியிருக்கிறது என்று பாருங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டுங்கள். நீளம் எத்தனை மீட்டர் என்று பலகையில் போட்டிருப்பதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.